கலரா, கறுப்பு வெள்ளையா?

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, முன்பின் தெரியாத ஒருவர் தன் மகனுடைய பிறப்புச் சான்றிதழை என் வாட்ஸப்புக்கு அனுப்பிவைத்தார். வணக்கம் இல்லை, இன்னார் என்ற அறிமுகம் இல்லை, வெறும் சான்றிதழ். பையன் துறையூரில் பிறந்திருந்தான். நன்றாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மதியம் ஒரு பெண்மணியின் ஆதார் அட்டை வந்தது, முன்பக்கம் பின்பக்கம் இரண்டும். சாயங்காலம் ஒரு ஜாதகம். மகம் நட்சத்திரம், செவ்வாய் தோஷம் வேறு. என் மகளுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷமாகிறது. இனிமேல் அந்த ஜாதகக்காரப் பையனுக்கு நான் என்ன செய்ய முடியும்?

இதோடு நின்றிருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன். ஆனால் ஜாதகத்துக்குக் கீழே, என் பெயரில், என் போனிலிருந்து ஒரு பதில் போயிருந்தது: "கலரா, பிளாக் அண்ட் ஒயிட்டா?"

சத்தியமாக நான் எழுதவில்லை. அந்த நேரத்தில் நான் கொல்லைப்புறத்தில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தேன். அதற்குச் சாட்சி உண்டு. நான் உரித்த லட்சணத்தைப் பார்த்த என் மனைவி, பாதியில் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஓர் அரசு அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் 34 வருஷம் உட்கார்ந்து எழுந்தவன். உறையூரில் சொந்த வீடு, சொந்தச் சர்க்கரை. என்னால் நாட்டுக்கு ஆபத்தும் இல்லை, உபயோகமும் இல்லை. அப்பேர்ப்பட்டவனின் போனுக்குள் யாரோ உட்கார்ந்துகொண்டு பதில் எழுதுகிறார்கள் என்றால் வயிற்றில் புளி கரைக்குமா கரைக்காதா? யோசித்துப் பார்த்தால் வேறு அறிகுறிகளும் இருந்தன. போன் சும்மா இருக்கும்போதே இட்லித் தட்டு மாதிரி கொதித்தது. காலையில் நூறு இருந்த சார்ஜ் மதியச் சாப்பாட்டுக்குள் இருபதுக்கு வந்தது. "இடம் இல்லை, இடம் இல்லை" என்று டவுன் பஸ் கண்டக்டரைப் போல அது ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது.

என் மச்சினனைக் கூப்பிட்டேன். ஒவ்வொரு குடும்பத்திலும் கம்ப்யூட்டர் தெரிந்தவர் என்று ஒருவர் இருப்பார், அவரை யாரும் நியமித்திருக்க மாட்டார்கள். எங்கள் குடும்பத்தில் அவன். காபியை வாங்கிக்கொண்டு, என் போனைக் கையில் வைத்து, டாக்டர் நாடி பார்ப்பதுபோல் இரண்டு நிமிஷம் கண்ணை மூடினான்.

"அத்தான், இது பெகாசஸ்."

"யாரு?"

"பெகாசஸ்னா இறக்கை வெச்ச குதிரை அத்தான். கிரேக்கப் புராணத்துல வருது. இஸ்ரேல்காரன் அந்தப் பேரை ஒரு ஒற்று மென்பொருளுக்கு வெச்சிருக்கான்."

எனக்குத் தெரிந்த குதிரை ஐயனார் கோயில் வாசலில் நிற்பதுதான். அது யாரையும் ஒற்றுப் பார்த்ததாகக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் இவன் சொன்ன குதிரையின் கதையைக் கேட்டதும் எனக்கு வியர்த்துவிட்டது. என்எஸ்ஓ என்ற அந்த இஸ்ரேல் நிறுவனம் அதை அரசாங்கங்களுக்கு மட்டும்தான் விற்பதாகச் சொல்கிறது. 2016இல் ஐக்கிய அரபு அமீரகத்தில் அகமது மன்சூர் என்ற மனித உரிமைக்காரருக்கு, சிறைச் சித்திரவதை ரகசியம் இருக்கிறது, தட்டிப் பாருங்கள் என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. அவர் தட்டவில்லை. டொரன்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேபுக்கு அனுப்பினார். அங்கே பிரித்துப் பார்த்தபோதுதான் குதிரை அகப்பட்டது. 2019இல் இன்னும் மோசம். வாட்ஸப்பில் ஒரு அழைப்பு வரும், நீங்கள் எடுக்கவே வேண்டாம், அது உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். சுமார் 1,400 பேரை அந்த வழியில் குறிவைத்தார்கள்.

"நம்ம ஊர்லயே 2021ல உச்ச நீதிமன்றம் குழு போட்டுச்சு அத்தான். 29 போனைப் பாத்தாங்க. அஞ்சுல ஏதோ கெட்ட மென்பொருள் இருக்கு, ஆனா அது பெகாசஸ்தான்னு சொல்ல முடியலைன்னுட்டாங்க."

அந்தக் குழுவால் சொல்ல முடியாததை என் மச்சினன் காபி ஆறுவதற்குள் சொல்லிவிட்டான்.

இந்த இடத்தில் ஓர் உண்மையை ஒத்துக்கொள்ள வேண்டும். பயம் ஒரு பக்கம் இருந்தாலும், மறுபக்கம் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. கணக்குப் பிரிவு ஆள் அல்லவா, ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 10 போனை வேவு பார்க்க 6,50,000 டாலர், நிறுவுவதற்குத் தனியாக 5,00,000 டாலர் வாங்கினார்கள் என்று 2016இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியிருக்கிறது. நிறுவும் கூலியை விட்டாலும் ஒரு போனுக்கு 65,000 டாலர். எனக்குக் கிடைத்த பணிக்கொடையைவிட அதிகம். 34 வருஷம் உழைத்தவனுக்கு நம் அரசாங்கம் போட்ட விலையைவிட, தேங்காய் உரிக்கத் தெரியாதவனுக்கு ஏதோ ஓர் அரசாங்கம் கூடுதலாகப் போட்டிருக்கிறது! மறுநாள் பால் வாங்கப் போகும்போது இரண்டு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன். காய்கறிக் கடையில் "கத்திரிக்காய் கால் கிலோ" என்பதைக் காதோடு சொன்னேன். "தொண்டை கட்டிருக்கா சார்?" என்று கேட்டு, கொசுறாக ஒரு துண்டு இஞ்சி போட்டார் கடைக்காரர். ஒற்றனால் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் அந்த இஞ்சி.

அன்றிலிருந்து மச்சினன் சொன்ன வைத்தியங்களையெல்லாம் வரிசையாகச் செய்தேன். 2013இல் அமெரிக்க ரகசியங்களை வெளியிட்ட ஸ்னோடென், ஹாங்காங்கில் தன்னைப் பார்க்க வந்த வக்கீல்களின் போன்களை ஃப்ரிட்ஜில் வைக்கச் சொன்னாராம். ஸ்னோடெனே சொல்லிவிட்டார், அப்புறம் என்ன? ராத்திரி படுக்கும் முன், யாருக்கும் தெரியாமல், தோசை மாவுக்கும் கறிவேப்பிலைக்கும் நடுவே என் போனை வைத்துக் கதவை மூடினேன். ஸ்னோடென் ஐந்து மணிக்கு அலாரம் வைக்கும் பழக்கம் உள்ளவரா என்று தெரியவில்லை, எனக்கு உண்டு. விடியற்காலை ஃப்ரிட்ஜுக்குள்ளிருந்து சுப்ரபாதம் கேட்டது. என் மனைவி பயப்படவில்லை. கதவைத் திறந்தாள், போனை எடுத்தாள், மாவை மோந்து பார்த்தாள். "இந்தச் சூட்டுலதான் மாவு புளிச்சிருக்கு" என்றாள். அன்று முழுக்கப் புளித்த தோசை, எனக்கு மட்டும்.

அடுத்தது ஒரு மந்திர எண். *#21# என்று அழுத்தினால் யாராவது ஒட்டுக் கேட்கிறார்களா என்று தெரிந்துவிடும் என்று குடும்பக் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள். அழுத்தினேன். குரல், டேட்டா, ஃபேக்ஸ் என்று ஒரு பட்டியல் வந்தது. ஃபேக்ஸ்! என்னை யாரோ ஃபேக்ஸில் எடுத்து அனுப்புகிறார்கள் என்று அலறிவிட்டேன். பெங்களூரிலிருந்து மகன் பொறுமையாக விளக்கினான். அந்த எண் உங்களுக்கு வரும் அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பிவிடப்பட்டிருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும், ஒற்று மென்பொருளையெல்லாம் அதற்குக் கண்டுபிடிக்கத் தெரியாது. எதுவும் திருப்பிவிடப்படவில்லை என்றுதான் அத்தனை வரியிலும் போட்டிருந்தது, நான் ஃபேக்ஸோடு படிப்பதை நிறுத்தியிருந்தேன். "அதைவிட முக்கியம்பா, யாராவது போன் பண்ணி நட்சத்திரக் குறியில ஆரம்பிக்கிற ஒரு நம்பரை அழுத்தச் சொன்னா அழுத்திடாதீங்க. உங்களுக்கு வர்ற அழைப்பெல்லாம் அவன்கிட்ட போயிடலாம். அழைப்புல சொல்ற வங்கி ரகசிய எண்ணு உள்பட" என்றான். எனக்கு வரும் அழைப்பெல்லாம் கடன் வேண்டுமா என்று கேட்பவைதான். போனால் போகட்டும் என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன்.

பிறகு திரையின் மூலையில் ஒரு பச்சைப் புள்ளியைக் கண்டேன். கேமராவோ மைக்கோ வேலை செய்யும்போது இப்போதைய ஆண்ட்ராய்டு போன்களில் இந்தப் புள்ளி எட்டிப் பார்க்குமாம். நல்ல ஏற்பாடு, உண்மையிலேயே பார்த்துவைத்துக்கொள்ள வேண்டியது. நான் அதைப் பார்த்தது மச்சினனோடு வாட்ஸப்பில் பேசிக்கொண்டிருந்தபோது. "மாட்டிக்கிட்டான்! மைக்கைத் திறந்துட்டான்!" என்று கத்தினேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அத்தான், நீங்க பேசும்போது மைக் வேலை செய்யாம தவிலா வேலை செய்யும்?" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை மகன் வீடியோவில் வந்து, செட்டிங்ஸைத் திறக்கச் சொல்லி, எந்த ஆப்புக்கு என்னென்ன அனுமதி கொடுத்திருக்கிறேன் என்று பார்க்கவைத்தான். அது ஒரு தனி அவமானம். போனோடு பிறந்த டார்ச் இருக்க, நான் தனியாக ஒரு டார்ச் ஆப் வைத்திருந்தேன். அதற்கு என் இருப்பிடம் தெரியும், மைக் கேட்கும், என் தொடர்பு எண்கள் அத்தனையும் தெரியும். வெளிச்சம் காட்ட எண்கள் எதற்கு? இருட்டில் மச்சினனைக் கூப்பிடவா? ஆள்களின் இருப்பிடத்தை விளம்பர நிறுவனங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு டார்ச் ஆப்பை அமெரிக்க வர்த்தக ஆணையம் 2013இலேயே பிடித்திருக்கிறதாம். ராகு காலம் காட்டும் ஆப் ஒன்று இருந்தது. சூரிய உதயம் ஊருக்கு ஊர் மாறுவதால் அது இருப்பிடம் கேட்டதை மன்னிக்கலாம். மைக் எதற்கு? நான் ராகு காலத்தில் என்ன பேசுகிறேன் என்று கேட்கவா? இத்தனைக்கும் யாரும் என் போனை உடைத்து உள்ளே வரவில்லை. ஒவ்வொன்றும் வாசலில் நின்று "வரலாமா?" என்று கேட்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் "வாங்க, வாங்க" என்று அழுத்தியது இந்தக் கட்டை விரல்தான்.

"அக்சஸிபிலிட்டினு ஒண்ணு இருக்கும் பாருங்க. அதுல என்ன ஆன்ல இருக்கு?" என்றான் மகன். கண் தெரியாதவர்களுக்கு, கை நடுங்குகிறவர்களுக்கு உதவியாக இருக்கட்டும் என்று வைத்தது அந்த வசதி. அதைக் கள்ள ஆப் ஒன்றிடம் கொடுத்துவிட்டால் திரையில் உள்ளதையெல்லாம் படிக்கும், நம் சார்பில் பொத்தானையும் அழுத்தும். நல்ல வேளை, என்னுடையதில் எதுவும் இல்லை. அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாதது என்னைக் காப்பாற்றியிருந்தது.

அறியாமை என்னைக் காப்பாற்றியது அது முதல் தடவையும் அல்ல. ஒரு மாதம் முன்பு தெரியாத எண்ணிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்து ஏபிகே என்று இருந்தது. மாப்பிள்ளையின் அப்பா இனிஷியல் என்று நினைத்தேன். நாலு முறை தட்டினேன். தெரியாத இடத்திலிருந்து வருவதை நிறுவ முடியாது என்று போன் அடம்பிடித்தது. கல்யாணத்துக்கு என்ன நிறுவல் என்று போனைத்தான் திட்டினேன். அது பத்திரிகை இல்லையாம், ஆப்பாம். உள்ளே விட்டிருந்தால் குறுஞ்செய்திகளைப் படித்து வங்கிக் கணக்கைத் துடைத்துக்கொண்டு போயிருக்குமாம். அப்படி நிறையப் பேர் பணம் இழந்திருக்கிறார்கள். பணம் போனால் தாமதிக்காமல் 1930க்குப் போன் செய்ய வேண்டும் என்று மகன் சொன்னதை எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன், வெளியே.

"அப்பா, நல்லா யோசிங்க. உளவு ஆப்பெல்லாம் பெரும்பாலும் போனைக் கையில வாங்குற ஆள்தான் போட்டுவிடுவான். யார் கையிலயாவது குடுத்தீங்களா?"

"ஒருத்தர் கையிலும் கொடுக்கவில்லை" என்றேன் உறுதியாக. பேத்தி கேம் விளையாடினாள், அது வேறு. கேஸ் சிலிண்டர்காரர் ஓடிபி பார்த்தார். பேங்க்கில் ஒரு பெண் ஏதோ சரிசெய்து கொடுத்தாள். ஜெராக்ஸ் கடைத் தம்பி சர்க்கரை ரிப்போர்ட் பிரிண்ட் எடுக்க ஒரு நிமிஷம் வாங்கினான். கல்யாண வீட்டில் குரூப் போட்டோ எடுக்க ஒருவரிடம் கொடுத்தேன், அவர் யார் வீட்டு ஆள் என்று இன்றுவரை தெரியவில்லை. மற்றபடி ஒருத்தர் கையிலும் இல்லை. ரகசிய எண் 1234 என்பதும் குடும்பத்துக்கு வெளியே யாருக்கும் தெரியாது, கவருக்குப் பின்னால் எழுதி ஒட்டியிருப்பதைப் பார்த்தவர்கள் தவிர.

இதற்கிடையே போன் என் பெயரில் தொழில் நடத்திக்கொண்டே இருந்தது. ஒரே வாரத்தில் நாற்பது பேர். மார்க் ஷீட், பட்டா, மொய்க் கணக்கு, காதுகுத்து அழைப்பிதழ். எல்லோருக்கும் நான் மரியாதையாகப் பதில் போட்டிருந்தேன். "ரெடி. 20 ரூபா." "லேமினேஷன் வேணுமாக்கா?" என்னைவிட என் ஒற்றன் பண்பானவன் என்பதில் சந்தேகமில்லை. சுறுசுறுப்பும் அதிகம்.

கடைசியில் மச்சினன் பிரம்மாஸ்திரத்தை எடுத்தான். ஃபேக்டரி ரீசெட். மொத்தத்தையும் அழித்து, கடையில் வாங்கியபோது இருந்த மாதிரி ஆக்குவது. மொட்டை போட்டு முடி வளர்ப்பது மாதிரி என்றான். படங்களையெல்லாம் முதலில் வேறிடத்தில் சேமிக்க வேண்டும் என்று அவன் சொன்னது, அழுத்திய பிறகு சொன்னது. மூவாயிரத்துச் சொச்சம் குட்மார்னிங் படங்கள் போயின, வருத்தமில்லை. மனைவியின் அக்கா ஊறுகாய்ப் பக்குவம் சொன்ன ஆறு நிமிஷக் குரல் பதிவும் போனது. அதைப் பற்றி நான் இங்கே எழுதுவதாக இல்லை.

வாட்ஸப்பைப் புதிதாகப் போட்டு, ஆறு இலக்க எண் வந்து, உள்ளே போனால் நிசப்தம். பதில் எதுவும் தானாகப் போகவில்லை. போன் குளிர்ந்திருந்தது. குதிரையை விரட்டிவிட்டோம் என்று மச்சினனுக்கு இரண்டாவது காபி கொடுத்தேன்.

அரை மணி நேரம் ஆகியிருக்காது, வாசலில் மணி அடித்தது. மூச்சிரைக்க நின்றது ஜெராக்ஸ் கடைத் தம்பி.

"சார், உங்க வாட்ஸப் லாக் அவுட் ஆயிடுச்சு சார். ஒரே ஒரு தடவை ஸ்கேன் பண்ணிக் குடுங்க. கடையில ஆறு பேர் நிக்கிறாங்க."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மச்சினனுக்கு விளங்கிவிட்டது. அவன் காபி டம்ளரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நடந்தது இதுதான். சர்க்கரை ரிப்போர்ட் பிரிண்ட் எடுக்கப் போனபோது, கடைக் கம்ப்யூட்டரில் தெரிந்த சதுரக் கட்டத்தை என் போனை வாங்கித் தம்பி ஸ்கேன் செய்தான். ரிப்போர்ட்டை வாங்கினேன், காசு கொடுத்தேன், வந்துவிட்டேன். வாட்ஸப் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. போனைத் தவிர இன்னும் நாலு கருவிகளில் அது ஒரே சமயத்தில் திறந்திருக்க முடியும், நாமாக வெளியேற்றினால் ஒழிய எளிதில் போகாது. மறுவாரம் கடைப் போன் தண்ணீர் வாளியில் விழுந்துவிட்டது. தம்பி பார்த்தான், ஓரத்துக் கம்ப்யூட்டரில் சாரின் வாட்ஸப் சும்மாதானே இருக்கிறது?

"நம்பரைப் போர்டுலயும் எழுதிட்டேன் சார். நீங்க நம்ம சார்தானே" என்றான்.

போன் கொதித்தது, சார்ஜ் தீர்ந்தது, இடம் நிறைந்தது எல்லாம் உறையூரின் ஆதார் அட்டைகள் என் போனில் வந்து இறங்கியதால். வாட்ஸப்பில் லிங்க்ட் டிவைசஸ் என்ற இடத்தைத் திறந்து பார்த்திருந்தால் முதல் நாளே அரை நிமிஷத்தில் தெரிந்திருக்கும். "அதைத்தான் அத்தான் நான் முதல்ல சொல்ல வந்தேன்" என்றான் மச்சினன்.

நான் குரலை உயர்த்தினேன். ஒருவருடைய அந்தரங்கம், நம்பிக்கை, சட்டம் என்று என்னென்னவோ பேசினேன். தம்பி உண்மையாகவே மனம் நொந்துபோனான்.

"சாமி சத்தியமா உங்க மெசேஜ் ஒண்ணையும் நான் படிக்கல சார்" என்றான். கேட் வரை போனவன் திரும்பினான். "ராத்திரி வெந்தயத்தை ஊறவெச்சுக் காலையில வெறும் வயித்துல சாப்பிடுங்க சார். 240 ரொம்ப ஜாஸ்தி."

உள்ளே வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கீரை ஆய்வதை நிறுத்தவில்லை.

"அதுவா? போன வாரம் ஆதார் பிரிண்ட் எடுக்கப் போனேன். அந்தத் தம்பி நம்பர் சொல்லச் சொல்ல டைப் பண்ணா உங்க பேர் வந்துச்சு."

"சொல்லக் கூடாதா?"

"வீட்டுல சும்மாதானே இருக்காரு, ஏதோ பார்ட் டைம் வேலைக்குப் போறாரு போலன்னு நினைச்சேன். நல்லதுதானேன்னு விட்டுட்டேன்."

இப்போது ரகசிய எண்ணை மாற்றிவிட்டேன், கவருக்குப் பின்னால் எழுதவில்லை. டார்ச்சும் ராகு காலமும் போய்விட்டன. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலோடு போனையும் ஒருமுறை அணைத்துப் போடுகிறேன். அப்படிச் செய்தால் சில ஒற்று மென்பொருள்கள் நிலைக்காதாம். லிங்க்ட் டிவைசஸைத் தினம் இரண்டு வேளை, மாத்திரையோடு சேர்த்துப் பார்க்கிறேன்.

கடைப் போர்டு மட்டும் பெயின்ட்டில் எழுதியது. எழுதியவர் சொந்த ஊருக்குப் போயிருக்கிறார், ஆடி முடிந்துதான் வருவாராம். அதுவரை தினம் பத்துப் பதினைந்து பேர் எனக்குத்தான் அனுப்புகிறார்கள். பதில் போடாவிட்டால் கோபித்துக்கொள்கிறார்கள். தம்பியின் புது எண்ணுக்கு நானே ஒவ்வொன்றாக அனுப்பிவிடுகிறேன், பக்கக் கணக்கையும் ஒரு நோட்டில் எழுதிவைக்கிறேன், பழைய பழக்கம். நீங்களும் எனக்கு ஏதாவது அனுப்புவதாக இருந்தால் கலரா, கறுப்பு வெள்ளையா என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கலர் பக்கத்துக்குப் பத்து ரூபாய்.